நியூமோனியாவும் கட்டிலும்: எங்கள் பெரியவர்கள் ஏன் நடையை இழக்கிறார்கள்?

கடந்த மாரியில், நான் வேலை செய்யும் வைத்தியசாலையின் ஆண்கள் விடுதிக்கு ஓர் ஐயாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 68 வயது. மூன்று நாள் காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து, துரு நிறத்தில் சளி. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. நியூமோனியா. வைத்தியர்கள் உடனேயே நாளம் வழியாக நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூக்கில் ஒட்சிசன் குழாய் மாட்டப்பட்டது.

நான் இயன்மருத்துவர். சனங்கள் 'பிசியோ' என்று சொல்லும் ஆள். அடுத்த நாள் காலையில் அவருடைய கட்டிலுக்குப் போனேன். "ஐயா, எழும்பிக் கதிரையில கொஞ்ச நேரம் இருப்பமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல முன்னரே மகள் குறுக்கிட்டா.

"வேண்டாம் தம்பி. ஐயாவுக்கு மூச்சு வாங்குது. படுத்திருக்கட்டும். சுகம் வந்தாப் பிறகு நடக்கலாம்."

கால்களைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் போர்வையை விலக்கினேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக்கால் எங்கே என்று கேட்டேன்.

"அது வீட்டை கிடக்கு. இங்க என்னத்துக்கு? படுக்கத்தானே வந்தவர்."

அந்த மகள் தகப்பனில் உயிரையே வைத்திருந்தவ. இரவு முழுக்க நித்திரை இல்லாமல் பக்கத்தில் இருந்தவ. அவ சொன்னதில் ஒரு பிழையும் அவவுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: வருத்தம் வந்தால் படு, சுகம் வந்தால் எழும்பு. நியூமோனியாவைப் பொறுத்தவரை இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழானது. எழும்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. அதை முதல் நாளிலேயே தொடங்கவேண்டும். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அப்பாவின் ஒன்பது நாட்கள்

இதை நான் புத்தகத்தில் படிக்க முன்னர் என் வீட்டிலேயே கண்டேன். ஆனால் கண்டது என்ன என்று அப்போது விளங்கவில்லை.

செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 இல் நாங்கள் ஊர் திரும்பியபோது எங்கள் வயல் பற்றையாகிக் கிடந்தது. அப்பா அதை வெட்டித் துப்புரவாக்கி, தகரக் கொட்டில் ஒன்று போட்டு, அடுத்த காலபோகத்துக்கே விதைத்தார். அப்போது அவருக்கு 70 வயது. 2012 மாரியில் அவருக்கு நியூமோனியா வந்தது. ஒன்பது நாட்கள் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். அம்மா, அக்கா, நான் என்று மாறி மாறி நின்றோம். அவருடைய கால் நிலத்தில் படவே விடவில்லை. மலசலம் கட்டிலில். சோறு குழைத்து, பாதி சாய்ந்த நிலையில் தீத்தினோம். அவர் இரண்டு மூன்று தடவை எழும்பப் பார்த்தார். "பேசாமல் படுங்கோ அப்பா" என்று நாங்கள் பிடித்துப் படுக்க வைத்தோம்.

ஒன்பதாம் நாள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு துப்புரவாகிவிட்டது, வீட்டை கொண்டு போகலாம் என்றார்கள். ஓட்டோ வாசலுக்கு வந்தது. அப்பாவால் கட்டிலை விட்டு எழும்பி நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினோம். 'பலவீனம்தான், தேறிவிடும்' என்று எல்லோரும் சொன்னார்கள். தேறவில்லை. வீட்டிலிருந்து கிணற்றடி முப்பது எட்டுக்குள்தான். அந்த முப்பது எட்டைத் தனியே நடக்க அவருக்கு நான்கு மாதம் எடுத்தது. வயலுக்கு அவர் பிறகு போகவேயில்லை. அடுத்த போகத்துக்கு வயலைக் குத்தகைக்குக் கொடுத்தோம்.

நியூமோனியாவிலிருந்து மருந்து அப்பாவைக் காப்பாற்றியது. அவருடைய கால்களைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தது நாங்கள். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

நுரையீரல் என்பது காற்றுக் குழாய்களும், அவற்றின் முனையில் திராட்சைக் குலைபோலத் தொங்கும் கோடிக்கணக்கான சிற்றறைகளும் கொண்ட உறுப்பு. காற்றிலுள்ள ஒட்சிசன் குருதிக்குள் போவது இந்தச் சிற்றறைகளின் மெல்லிய சுவர் வழியாகத்தான். நியூமோனியாவில் பற்றீரியாவோ வைரசோ அங்கே புகுந்து தொற்றை உண்டாக்க, சிற்றறைகள் நீராலும் சீழாலும் நிரம்புகின்றன. காற்று போகவேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதும் அதுதான்.

மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் தேங்கிய சளியை வெளியே தள்ளுவதும், சுருங்கிப்போன சிற்றறைகளைத் திரும்ப விரிப்பதும் மருந்தின் வேலை அல்ல. அதை இருமலும் ஆழமான மூச்சும் உடல் அசைவும்தான் செய்யவேண்டும்.

இப்போது ஒருவர் மல்லாந்து படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே பிரிமென்றகடு என்ற தசைத்தகடு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுக்கும். படுத்திருக்கும்போது குடலும் ஈரலும் அதை மேலே தள்ளுகின்றன. நுரையீரலில் தங்கும் காற்றின் அளவு குறைகிறது. முதுகுப் பக்கமாக உள்ள சிற்றறைகள் அமுக்கப்பட்டு மூடிக்கொள்கின்றன. சளி அந்தப் பக்கமாகவே வடிந்து தேங்குகிறது. படுத்தபடி இருமிப் பாருங்கள். இருந்தபடி இருமும்போது வருகிற வலு வராது. போதாததற்கு, படுத்தபடி சாப்பிடும்போது உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புதிய தொற்றை உண்டாக்கவும் கூடும்.

அதே ஆளை எழுப்பிக் கதிரையில் இருத்தினால் வயிற்றுறுப்புகள் கீழே இறங்கும், பிரிமென்றகட்டுக்கு அசைய இடம் கிடைக்கும், மூச்சு ஆழமாகும், இருமலுக்கு வலு வரும். நாலு எட்டு நடந்தால் மூச்சு இன்னும் ஆழமாகப் போகும். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை.

கட்டில் எடுத்துக்கொள்வது

கட்டிலில் கிடப்பதால் கெடுவது நுரையீரல் மட்டுமல்ல. தசை வேலை செய்யாவிட்டால் உடல் அதை வைத்திருக்காது. 2007 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எந்த வருத்தமும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் கட்டிலிலேயே இருக்கச் செய்து அளந்தார்கள். பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் நல்ல சுகமாக, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். காய்ச்சலோடு, சாப்பாடு இறங்காமல் கிடக்கும் எங்கள் ஐயாமார் அம்மாமாருக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

தசையோடு வேறு பலவும் போகின்றன. எழும்பி நிற்கும்போது குருதியமுக்கத்தைச் சரிசெய்யும் பழக்கத்தை உடல் மறந்துவிடும். அதனால்தான் நாலு நாள் படுத்தவர் எழும்பியதும் தலை சுற்றி விழுகிறார். கால்களின் ஆழ் நாளங்களில் குருதி உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். மலச்சிக்கல் வரும். வயதானவர்களுக்குப் பகல் இரவு தெரியாமல் மனம் குழம்பும். 'அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாப் பிறகு ஒரு மாதிரி' என்று வீடுகளில் சொல்வதன் பின்னால் பல தடவை இந்தக் கட்டில்தான் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1947 இலேயே, கட்டிலில் கிடப்பதால் உறுப்பு உறுப்பாக உடல் எப்படிக் கெடுகிறது என்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். ஆனாலும் வைத்தியசாலை என்றாலே கட்டில்தான் என்ற நினைப்பு உலகம் முழுவதும் போகவில்லை. 2009 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், விடுதியில் இருந்த முதியவர்களின் காலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். அவர்கள் தங்கள் நேரத்தின் 83 வீதத்தைப் படுத்தே கழித்திருந்தார்கள். வசதியுள்ள நாட்டிலேயே நிலைமை இதுதான்.

இருபது நிமிடம்

நியூமோனியா நோயாளரை நேரத்தோடு எழுப்பினால் என்ன நடக்கும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று வைத்தியசாலைகளின் 17 விடுதிகளில் இருந்த 458 நியூமோனியா நோயாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். சில விடுதிகளில் வழமையான பராமரிப்பு. மற்ற விடுதிகளில் ஒரு மாற்றம் மட்டும்: வைத்தியசாலைக்கு வந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள் நோயாளர் குறைந்தது 20 நிமிடமாவது கட்டிலை விட்டு எழும்பிக் கதிரையில் இருக்கவேண்டும், அல்லது நடக்கவேண்டும். அடுத்தடுத்த நாட்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும்.

வழமையான விடுதிகளில் இருந்தவர்கள் சராசரியாக 6.9 நாட்களில் வீடு போனார்கள். நேரத்தோடு எழும்பியவர்கள் 5.8 நாட்களில் போனார்கள். அதாவது ஒரு நாளுக்குச் சற்று அதிகமான வித்தியாசம். எழுப்பியதால் யாருக்கும் கூடுதல் கெடுதி வந்ததாகத் தெரியவில்லை. இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எழும்பி இருப்பது மருந்துக்குப் பதில் இல்லை. மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஒன்று.

2012 இல் ஸ்பெயினில் 401 நோயாளர்களோடு இன்னொரு ஆய்வு வெளியானது. நேரத்தோடு எழுப்புவது, நிலைமை தேறியதும் ஊசி மருந்தைக் குளிசைக்கு மாற்றுவது, தெளிவான அளவுகோல் வைத்து வீட்டுக்கு அனுப்புவது என்ற மூன்றையும் சேர்த்துச் செய்தார்கள். வைத்தியசாலையில் தங்கும் காலம் 6 நாளிலிருந்து 3.9 நாளாகக் குறைந்தது. பிரித்தானிய நெஞ்சுநோய் மருத்துவர் சங்கம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், சிக்கலில்லாத நியூமோனியா நோயாளர் முதல் 24 மணித்தியாலத்துக்குள் 20 நிமிடமாவது கட்டிலுக்கு வெளியே இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1997 இல் வெளியான சுவீடன் ஆய்வு. 145 நோயாளர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு எழும்பி நடமாடும்படியான வழமையான அறிவுரை. இரண்டாவது பகுதியினர் எழும்பி இருந்து ஒரு தடவைக்கு 20 ஆழ்ந்த மூச்சு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்தார்கள். மூன்றாவது பகுதியினர் அதே அளவுக்கு, 10 சென்ரிமீற்றர் தண்ணீர் விட்ட போத்தலுக்குள் ஒரு பிளாஸ்ரிக் குழாயால் குமிழி விட்டு ஊதினார்கள். முதற் பகுதியினர் சராசரியாக 5.3 நாளும், இரண்டாவது பகுதியினர் 4.6 நாளும், போத்தல் ஊதியவர்கள் 3.9 நாளும் வைத்தியசாலையில் இருந்தார்கள். ஒரு போத்தல், ஒரு துண்டுக் குழாய். பொருளாதாரத் தடை காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்கள் சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஆனால் உங்கள் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்டுவிட்டுத்தான் ஊதவேண்டும். நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்தவர்களும், சளியோடு இரத்தம் வருபவர்களும் ஊதக்கூடாது.

எங்கள் சனத்துக்கு ஏன் கூடுதல் கவனம்?

மேலே சொன்ன ஆய்வுகளில் எறிகணைக் காயம் பட்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் விடுதிகளில் அவர்கள் ஒவ்வொரு மாதமும் வருகிறார்கள்.

முதலில் கால் இழந்தவர்கள். வைத்தியசாலைக்கு அவசரமாக வெளிக்கிடும்போது செயற்கைக்கால் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அது இல்லாமல் அவர் நிற்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. சில நாட்கள் போடாமல் விட்டால், வெட்டிய காலின் மீதிப் பகுதி வீங்கி, பழைய கால் பிறகு பொருந்தாமலும் போகலாம். நோகாமல் இருக்கட்டும் என்று அதன் கீழே தலையணை வைத்தே படுக்க விடுவார்கள். அப்படியே கிடந்தால் மூட்டு மடங்கிய நிலையில் இறுகிவிடும். இறுகிய மூட்டில் செயற்கைக்காலைப் போட்டு நடப்பது மிகக் கடினம். ஆகவே வைத்தியசாலைப் பையில் சாரம், துவாய், கிளினிக் கொப்பியோடு செயற்கைக்காலும் கட்டாயம் போகவேண்டும். ஊன்றுகோலும் மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான்.

அடுத்தது நெஞ்சில் காயப்பட்டவர்கள். உள்ளே இன்னும் துண்டுகளோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலைச் சுற்றிய சவ்வு தழும்பாகி ஒட்டிப்போனவர்களுக்கு ஏற்கனவே மூச்சுக்கு இடம் குறைவு. அவர்களுக்கு ஒவ்வொரு சிற்றறையும் தேவை. அவர்கள் சேரும்போதே பழைய காயத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். கேட்டால் பதிவு வருமோ, விசாரணை வருமோ என்று பயந்து மறைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நெஞ்சுக் காயம் இருப்பது தெரியாமல் சிகிச்சை செய்வது உங்களுக்குத்தான் ஆபத்து.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு நியூமோனியா மிகப் பெரிய எதிரி. இருமலைத் தள்ளும் வயிற்றுத் தசைகள் அவர்களில் பலருக்கு வேலை செய்வதில்லை. பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், இருமலுக்குக் கையால் உதவி செய்வதும், நேரத்தோடு சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும் அவர்களுக்குத் தேவை. ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களில் பலருக்கு இருக்கும்போதைவிடப் படுத்திருக்கும்போதுதான் மூச்சு இலகுவாக இருக்கும். அவர்களை எப்படி, எவ்வளவு நேரம் இருத்துவது என்பதை இயன்மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இந்தக் கட்டுரையை வைத்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பிறகு தனியே வாழும் தாய்மார். பிள்ளைகள் போரில் போனவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள். இவர்களுக்கு நடக்க முடியாமல் போனால் தண்ணீர் அள்ள, அடுப்பு மூட்ட, நிவாரணக் கொடுப்பனவு எடுக்க, பிள்ளையின் படத்தோடு பந்தலில் போய் இருக்க வேறு ஆள் இல்லை. வசதியுள்ள குடும்பத்தில் நடை போனால் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். இந்த அம்மாவுக்கு நடை போனால் வாழ்க்கையே போகிறது.

கடைசியாக ஒன்று. "எழும்புங்கோ" என்று சொன்னால் எங்கள் தலைமுறைக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம் வருவதை நான் கவனித்திருக்கிறேன். அந்த ஐயாவே சொன்னார்: "தம்பி, சண்டைக்குள்ள எழும்பினவன் செத்தான். படுத்தவன்தான் தப்பினான்." பங்கருக்குள் குப்புறப் படுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். 2009 இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையிலேயே எறிகணை விழுந்தது. வைத்தியசாலைக் கட்டிலும் பயமும் ஒன்றாகப் பதிந்த சனத்திடம், 'எழும்பு' என்று அதட்டி வேலை செய்ய முடியாது. காரணத்தைச் சொல்லி, கையைப் பிடித்து, பக்கத்தில் நின்றுதான் எழுப்பவேண்டும்.

எப்படி எழும்புவது?

முதலில் வைத்தியரிடமோ தாதியிடமோ கேளுங்கள்: "அப்பாவைக் கதிரையில இருத்தலாமா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்க யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஓம் என்றால் இந்த ஒழுங்கில் செய்யலாம்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்க விடுங்கள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் இருக்கட்டும். பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். தலைசுற்று இல்லையென்றால், வழுக்காத செருப்பைப் போட்டு, ஒருவர் பிடிக்க எழும்பி நின்று, பக்கத்திலுள்ள கதிரைக்கு மாறலாம். கைப்பிடியுள்ள கதிரை நல்லது. சேலைன் குழாயும் ஒட்சிசன் குழாயும் இருப்பது எழும்பாமல் இருக்கக் காரணம் இல்லை. குழாய் இழுபடாமல் தாதி ஒழுங்குபடுத்தித் தருவார். ஒட்சிசனை நீங்களாகக் கழற்றக்கூடாது.

முதல் நாள் 20 நிமிடம் போதும். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்தாக இருக்கலாம். இரண்டாம் நாள் சாப்பாட்டைக் கதிரையில் இருந்தே சாப்பிடட்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்கட்டும். கட்டில் சட்டிக்குப் பதிலாக, பிடித்துக்கொண்டு மலசலகூடத்துக்கு நடக்கலாம். மூன்றாம் நாள் விடுதியின் நீளத்துக்கு ஒரு நடை. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சில ஆழ்ந்த மூச்சும், நெஞ்சை ஒரு தலையணையால் அணைத்துப் பிடித்தபடி இரண்டு மூன்று நல்ல இருமலும். முட்டை, மீன், பயறு, கடலை என்று தசைக்கு வேண்டிய சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள். கஞ்சியும் பிஸ்கட்டும் மட்டும் போதாது.

எழும்பும்போது கொஞ்சம் மூச்சு வாங்குவதும் இருமல் கூடுவதும் இயல்பு. இருமல் கூடினால் சளி கிளம்புகிறது என்று அர்த்தம். ஆனால் பின்வருவன கண்டால் உடனே படுக்க வைத்துத் தாதியைக் கூப்பிடுங்கள்: ஒரு வசனம் பேச முடியாத அளவு மூச்சுத் திணறல், புதிதாக நெஞ்சு நோ, உதடு நீலமாதல், கண் இருட்டிக்கொண்டு வருதல், ஒக்சிமீற்றரில் அளவு 90 இற்குக் கீழே இறங்குதல். நீண்டகால மூச்சு வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த அளவு வேறாக இருக்கும். அதை வைத்தியர் சொல்வார்.

சிலரை எழுப்பவே கூடாது. குருதியமுக்கம் விழுந்து அதைத் தூக்க மருந்து ஏற்றப்படுபவர்கள், அசையாமல் இருக்கும்போதே கடுமையாக மூச்சுத் திணறுபவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், காலில் குருதி உறைந்து அதற்குச் சிகிச்சை இன்னும் தொடங்காதவர்கள், நினைவு தெளிவில்லாதவர்கள். இவர்களை வைத்தியர் சொல்லும்வரை கட்டிலிலேயே தலை உயர்த்தி, பக்கம் மாற்றிப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

விடுதியில் கதிரை எங்கே?

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. மாரியில் எங்கள் விடுதிகள் நிரம்பி வழியும். கட்டில் கிடைக்காமல் பாயில் கிடப்பவரை நிலத்திலிருந்து எழுப்புவது கட்டிலிலிருந்து எழுப்புவதைவிட இரண்டு மடங்கு கஷ்டம். ஒரு விடுதிக்குத் தாதியர் சிலர்தான். மருந்து கொடுக்கவே அவர்களுக்கு நேரம் போதாது. என்னைப் போன்றவர்கள் ஒரு நாளில் பல விடுதிகளுக்கு ஓடவேண்டும். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் 'எழும்ப வேண்டாம்' என்று சொல்வதுதான் ஊழியர்களுக்குப் பாதுகாப்பான பதிலாகப் போய்விட்டது. பெண்கள் விடுதியில், ஒழுங்கான உடுப்பு இல்லாமல் ஆட்கள் போய்வரும் இடத்தில் நடக்கத் தாய்மார் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து ஒரு சோட்டியும் துவாயும் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் எங்கள் வைத்தியசாலைகளுக்கு நிறையச் செய்கிறார்கள். இயந்திரம் வாங்கித் தருகிறார்கள், நன்றி. அடுத்த முறை ஒரு விடுதிக்குக் கைப்பிடி வைத்த கதிரைகளும் நாலைந்து வோக்கரும் வாங்கிக் கொடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். மலசலகூடத்தின் சுவரில் ஒரு பிடிகம்பி. இவற்றுக்குப் பராமரிப்புச் செலவு இல்லை, பழுதாகி மூலையில் கிடக்கவும் மாட்டாது. வைத்தியசாலை நிர்வாகங்கள் செய்யக்கூடியது இன்னும் இலகுவானது: நோயாளரின் கட்டில் அட்டையில் காய்ச்சல், நாடித்துடிப்பு எழுதும் இடத்தோடு, 'இன்று எழும்பி இருந்தாரா?' என்று ஒரு வரி சேர்ப்பது. எழுதவேண்டும் என்றால் கேட்பார்கள். கேட்டால் எழுப்புவார்கள்.

அந்த ஐயாவின் கால் அன்று மத்தியானமே வந்தது. பார்வையாளர் நேரத்தில் மருமகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். உரப்பையில் சுற்றிக் கட்டியிருந்தது. நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடிக்க, அவர் அதைப் போட்டு எழும்பிக் கதிரைக்கு மாறினார். ஒட்சிசன் குழாய் மூக்கில் அப்படியே இருந்தது. ஐந்தாவது நிமிடம் பெரிதாக இருமி ஒரு கட்டிச் சளி துப்பினார். மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தா. "நல்லது அக்கா, இதுதான் வரவேண்டியது" என்றேன். முதல் நாள் 15 நிமிடத்தோடு களைத்துவிட்டார். படுக்க வைத்தோம். பின்னேரம் திரும்ப இருந்தார். நாலாம் நாள் விடுதி வாசல் வரை தானே போய் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போகும்போது, ஓட்டோவில் ஏற மருமகன் கை கொடுத்தார். ஐயா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைத் தூக்கி ஏற்றிய அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவரை நியூமோனியா என்று சேர்த்தால், மருந்து ஏறிவிட்டதா என்று கேட்பதுபோல, 'இன்றைக்கு எழும்பி இருத்தலாமா' என்றும் கேளுங்கள்.